தைராய்டு மாத்திரையும் காலை காபியும்: இடைவெளி எதுக்கு, எவ்வளவு?

தைராய்டு மாத்திரை போடுற நாலு பேர் ஒரு இடத்துல உட்கார்ந்தா அங்க நாலு ரூல் இருக்கும். ஒருத்தர் அரை மணி நேரம் கேப் விட்டா போதும்பார், இன்னொருத்தர் கண்டிப்பா ஒரு மணி நேரம்பார், மூணாவது ஆள் "சாப்பிட்டுட்டு போட்டா உடம்புக்கு ஆகாது, அன்னைக்கு போடவே கூடாது"ன்னு பயமுறுத்துவார், நாலாவது ஆள் காபியோடயே சேர்த்து முழுங்கிட்டு "பத்து வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகல"ம்பார். டாக்டர் சீட்டுல "1-0-0, வெறும் வயிற்றில்"னு ஒரு வரி இருக்கும், மெடிக்கல் ஷாப்ல அதையே கவர் மேல பேனாவால எழுதிக் கொடுப்பாங்க, அதோட விளக்கம் முடிஞ்சிடும். ஏன்னு கேட்க டைமும் இருக்காது, கேட்டா சொல்ல அங்க ஆளும் இருக்காது. காரணம் தெரியாத ரூலை ஒண்ணு ரொம்ப பயந்து பின்பற்றுவோம், இல்லன்னா மொத்தமா விட்டுடுவோம், இந்த மாத்திரை விஷயத்துல ரெண்டுமே நடக்குது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம ஊர்ல எல்லாத்தையும் "தைராய்டு மாத்திரை"ன்னே சொல்லிடுறோம். ஆனா தைராய்டு சுரப்பி கம்மியா வேலை செய்றவங்களுக்கு கொடுக்குற மாத்திரை வேற, அதிகமா வேலை செய்றவங்களுக்கு கொடுக்குற கார்பிமசோல் மாதிரி மாத்திரை வேற. நான் இங்க சொல்றது முழுக்க முதல் வகைக்கு மட்டும் தான், அதாவது லீவோதைராக்ஸின். தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ்னு பாட்டில்ல எந்த பேர் இருந்தாலும் உள்ள இருக்குற மருந்து அது தான். உங்களோடது எதுன்னு பாட்டில்ல சின்ன எழுத்துல போட்டிருக்கும், ஒரு தடவை எடுத்து பாத்துக்கோங்க.

மாத்திரைக்குள்ள என்ன இருக்கு?

நம்ம கழுத்துல முன்பக்கம் இருக்குற தைராய்டு சுரப்பி தினமும் ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடுது. ஹார்மோன்னா ஒரு உறுப்பு தயார் பண்ணி ரத்தம் வழியா மத்த உறுப்புகளுக்கு அனுப்புற ரசாயன தகவல். இந்த ஹார்மோனோட பேர் தைராக்ஸின், சுருக்கமா டி4, அதுல நாலு அயோடின் அணு இருக்கு, அதான் 4. உடம்பு தேவைக்கு ஏத்த மாதிரி அதுல இருந்து ஒரு அயோடினை கழட்டி டி3ன்னு இன்னொரு ஹார்மோனா மாத்திக்கும், செல்லுக்குள்ள போய் முக்கியமா வேலை செய்றது அந்த டி3 தான். நீங்க காலைல முழுங்குறது அதே டி4, தொழிற்சாலைல செஞ்சது, அவ்வளவு தான் வித்தியாசம். 1891ல இங்கிலாந்துல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு டாக்டர், ஆட்டோட தைராய்டு சுரப்பியில இருந்து சாறு எடுத்து ஒரு அம்மாவுக்கு ஊசியா போட்டார், அவங்க அதுக்கப்புறம் 28 வருஷம் உயிரோட இருந்தாங்க. அந்த சுரப்பிக்குள்ள இருக்குற பொருளை 1914ல அமெரிக்காவுல எட்வர்ட் கெண்டல் தனியா பிரிச்செடுத்தார், 1927ல லேப்லயே செயற்கையா செஞ்சாங்க. இன்னைக்கு உங்க கைல இருக்குற வெள்ளை மாத்திரை அதோட தொடர்ச்சி.

இதுல கவனிக்க வேண்டியது அளவு. ஒரு பாராசிட்டமால் மாத்திரைல 500 மில்லிகிராம் மருந்து இருக்கும். உங்க தைராய்டு மாத்திரைல 50ன்னோ 100ன்னோ போட்டிருக்குறது மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு. 100 மைக்ரோகிராம் மாத்திரையை பாராசிட்டமாலோட ஒப்பிட்டா மருந்து 5000 மடங்கு கம்மி, நீங்க கண்ணால பாக்குற மாத்திரைல கிட்டத்தட்ட எல்லாமே வெறும் மாவுப்பொருள் தான். இவ்வளவு பொடி அளவு மருந்துல கொஞ்சம் வீணாப்போனாலும் கணக்கு மாறிடும். 25, 50, 75, 88, 100, 112, 125ன்னு டாக்டர்கள் இவ்வளவு நுணுக்கமா டோஸ் மாத்துறதும் அதனால தான்.

ஒரே நாள்ல ஏறாது, ஒரே நாள்ல இறங்காது

உங்க உடம்பை மாடி மேல இருக்குற தண்ணி டேங்க்னு வச்சுக்கோங்க. தினமும் காலைல கொஞ்ச நேரம் மோட்டார் போடுறீங்க, நாள் முழுக்க வீட்ல குழாய் திறந்து செலவு பண்றீங்க. டேங்க் பெருசு, அதனால ஒருநாள் மோட்டார் போட மறந்தா உடனே குழாய் நின்னுடாது, மட்டம் கொஞ்சம் கீழ இறங்கும், அவ்வளவு தான். ஆனா மோட்டார்ல இருந்து மேல போற பைப்ல ஒரு சின்ன ஓட்டை இருந்து தினமும் முப்பது சதவீதம் தண்ணி வெளிய போகுதுன்னா? முதல் நாள் தெரியாது, ரெண்டாவது நாள் தெரியாது, ஒரு மாசம் கழிச்சு டேங்க் பாதிக்கு வந்திருக்கும், ஏன்னு யாருக்கும் புரியாது. சாப்பாட்டோட மாத்திரை போடுறது அந்த ஓட்டை.

டி4 உடம்புல அவ்வளவு மெதுவா தான் செலவாகும். அதோட அரை ஆயுள் கிட்டத்தட்ட ஏழு நாள். அரை ஆயுள்னா உடம்புல இருக்குற மருந்து பாதியா குறைய ஆகுற நேரம். ஏழு நாள் மாத்திரையே போடலன்னா பாதி இன்னும் மிச்சம் இருக்கும். ஒரு நாள் விட்டா சுமார் பத்து சதவீதம் தான் குறையும்.

டேங்க் மட்டம் இறங்கினா மோட்டார் போட சொல்லி ஒருத்தர் குரல் கொடுப்பாங்கல்ல, அந்த குரல் தான் டி.எஸ்.ஹெச். மூளைக்கு அடில பிட்யூட்டரின்னு ஒரு சின்ன சுரப்பி இருக்கு, ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா அது டி.எஸ்.ஹெச்-ஐ அதிகமா விட்டு தைராய்டை விரட்டும், ஹார்மோன் போதும்னா குரலை குறைச்சுக்கும். அதனால ரிப்போர்ட்ல டி.எஸ்.ஹெச் அதிகமா இருந்தா உங்க உடம்புல ஹார்மோன் கம்மின்னு அர்த்தம், இங்க நிறைய பேர் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு "எனக்கு தைராய்டு ஜாஸ்தி ஆயிடுச்சு"ன்னு மாத்திரையை குறைக்க பாப்பாங்க, தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க.

இதுவரைக்கும் சொன்னது: மாத்திரைல இருக்குறது உங்க உடம்பே செய்யுற ஹார்மோன், அளவு ரொம்ப கம்மி, செலவாகுறது ரொம்ப மெதுவு. ஒருநாள் தப்பு பெருசா காட்டாது, தினமும் நடக்குற சின்ன தப்பு காட்டும்.

வயித்துக்குள்ள நடக்குறது

மாத்திரையை தண்ணியோட முழுங்கினதும் அது முதல்ல இரைப்பைல கரையணும், கரைய அங்க இருக்குற ஆசிட் தேவை. அப்புறம் சிறுகுடலுக்கு போய் அங்க குடல் சுவர் வழியா ரத்தத்துல ஏறணும், இதுக்கு பேர் தான் உறிஞ்சுதல். எல்லாம் சரியா இருந்து வயிறு காலியா இருந்தாலும் கூட போட்டதுல 70லேர்ந்து 80 சதவீதம் தான் ரத்தத்துல ஏறும். போட்ட ரெண்டு மணி நேரத்துல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல அது உச்சத்துக்கு வரும்.

சாப்பாடு கூட இருந்தா என்ன ஆகுதுன்னா, இந்த மருந்து கொஞ்சம் ஒட்டுற குணம் உள்ளது. பால்ல இருக்குற கால்சியம், இரும்புச்சத்து, ஓட்ஸ் கேழ்வரகுல இருக்குற நார்ச்சத்து, சோயா இதெல்லாம் வழில கிடைச்சா அதுல ஒட்டிக்கிட்டு ரத்தத்துக்கு போகாம அப்படியே குடல் வழியா கீழ இறங்கி வெளிய போயிடும். மருந்து கெட்டுப்போகல, விஷமாவும் மாறல, உங்களுக்கு கிடைக்காம போச்சு, அவ்வளவு தான். "சாப்பிட்டுட்டு போட்டா ஆகாது"ங்குற பயத்துக்கு இங்க இடமே இல்ல.

அதே மாதிரி வயித்துப்புண் வராம இருக்க தான் வெறும் வயித்துல போட சொல்றாங்கன்னும் சிலர் நினைக்கிறாங்க, அதுவும் கிடையாது. வலி மாத்திரைகளை சாப்பிட்டுட்டு போட சொல்றது வயித்தை காப்பாத்த. இங்க காப்பாத்துறது மருந்தை.

காபி மேட்டர்

சொன்னா மனசு கஷ்டப்படும், காபி இதுல முக்கியமான ஆள். 2008ல இத்தாலில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. மாத்திரை ஒழுங்கா போட்டும் டி.எஸ்.ஹெச் இறங்காத சிலரை கவனிச்சப்போ அவங்க மாத்திரையை எஸ்பிரெஸ்ஸோ காபியோடயோ இல்ல போட்ட உடனேயோ குடிக்கிறது தெரிஞ்சது, தண்ணியோட போட்டு காபியை தள்ளி வச்சதும் உறிஞ்சுறது சரியாச்சு. எஸ்பிரெஸ்ஸோல பாலே கிடையாது, கவனிங்க. வெறும் டிக்காஷனே மருந்தை பிடிச்சு வைக்குதுன்னா நம்ம ஃபில்டர் காபில பால் வேற சேருது, பாலுக்கும் உறிஞ்சுறதை குறைக்கிற குணம் இருக்கு. அதனால "ப்ளாக் காபி தானே, சர்க்கரை கூட போடல"ங்குறது கணக்குல வராது. டீயையும் அதே மாதிரி வச்சுக்குறது நல்லது.

காலைல எழுந்ததும் வெந்தயத் தண்ணி, சீரகத் தண்ணி, எலுமிச்சை தேன், சத்துமாவு கஞ்சின்னு ஏதாவது ஒண்ணு குடிக்கிற பழக்கம் இப்ப எல்லா வீட்லயும் இருக்கு. அதை விட சொல்லல, மாத்திரைக்கு அப்புறம் தள்ளி வைங்க. வெறும் தண்ணியை தவிர வாய்க்குள்ள போற எல்லாமே இந்த மாத்திரையோட பார்வைல டிபன் தான். ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிங்க, ஒரே ஒரு மடக்கு தண்ணியோட முழுங்கினா மாத்திரை நெஞ்சுலயே ஒட்டிக்கலாம்.

அப்ப எவ்வளவு நேரம்?

பொதுவா சொல்றது அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம். அமெரிக்கன் தைராய்டு அசோசியேஷன் 2014ல கொடுத்த வழிகாட்டுதல்ல, முடிஞ்ச வரைக்கும் காலை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரமாவது கழிச்சு படுக்கும்போதுன்னு சொல்லியிருக்காங்க. என் கருத்து, ஒரு மணி நேரத்தை டார்கெட்டா வைங்க, முடியாத அன்னைக்கு அரை மணி நேரம்.

வித்தியாசம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க 2009ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வை பாருங்க. அதே ஆளுங்க, அதே டோஸ், போடுற நேரத்தை மட்டும் மாத்தி மாத்தி பாத்தாங்க. வெறும் வயித்துல போட்டப்போ சராசரி டி.எஸ்.ஹெச் 1.06, காலை சாப்பாட்டோட போட்டப்போ 2.93. பொதுவா லேப்ல நார்மல்னு போட்டிருக்குறது சுமார் 0.4ல இருந்து 4 வரைக்கும், ரெண்டு நம்பருமே அதுக்குள்ள தான் இருக்கு, ஆனா கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம். ஏற்கனவே 3.5ல நிக்கிற ஒருத்தருக்கு இது எங்க கொண்டு போய் விடும்னு யோசிங்க.

ராத்திரி போடுறதும் தப்பில்ல. 2010ல நெதர்லாந்துல வந்த ஆய்வுல படுக்கும்போது போட்டவங்களுக்கு காலைல போட்டதை விட ஹார்மோன் அளவு கொஞ்சம் நல்லாவே இருந்துச்சு. காலைல நாலு மணிக்கு எழுந்து சமைச்சு பசங்களை அனுப்பி ஓடுறவங்களுக்கு, காபி இல்லாம கண்ணே திறக்காதவங்களுக்கு இது நல்ல வழி. ஆனா நம்ம வீட்ல ராத்திரி ஒன்பதரைக்கு தோசை சாப்பிட்டு பத்து மணிக்கு படுத்துடுறோம், நடுவுல பால் வேற. அந்த மூணு மணி நேர கேப் நிஜமா இருந்தா மட்டும் ராத்திரிக்கு மாறுங்க. ரம்ஜான் நோன்பு வைக்கிறவங்க விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி எழுந்து போடலாம், இல்லன்னா ராத்திரி கடைசியா சாப்பிட்டு கேப் விட்டு போடலாம், நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி வச்சுக்கோங்க.

சுருக்கமா: தண்ணியோட மட்டும், சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு.

"காபி குடிச்சிட்டேன், அதனால போடல"

இந்த கட்டுரையை எழுத உக்காந்ததுக்கு காரணமே இது தான். எங்க அத்தை ரொம்ப ஒழுங்கான மனுஷி, டாக்டர் சொன்னதை அப்படியே கேப்பாங்க. ஆனா டி.எஸ்.ஹெச் இறங்கவே இல்ல, ஒவ்வொரு தடவையும் டோஸ் ஏறிட்டே போச்சு. ஒருநாள் உக்காந்து பேசும்போது தான் வெளிய வந்துச்சு. "வாரத்துல ரெண்டு மூணு நாள் மறந்து காபியை குடிச்சிடுவேன்டா, அப்புறம் மாத்திரை போட்டா கெடுதல்னு அன்னைக்கு விட்டுடுவேன்"னாங்க. "இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா அத்தை?"ன்னா, "அவர் தினமும் போடுறீங்களான்னு கேட்டார், ஆமான்னேன், காபி குடிக்காத நாள்ல எல்லாம் போடுறேன்ல". அவங்க பொய் சொல்லல. வெறும் வயித்துலங்குற ரூலை மீறக்கூடாதுன்னு தான் மாத்திரையையே விட்டிருக்காங்க.

காபி குடிச்சப்புறம் போட்டா ஒரு பங்கு வீணாகும், போடாம விட்டா முழுசும் வீண். அதனால காபி குடிச்சிட்டீங்கன்னா விட்டுடாதீங்க, ஒரு மூணு மணி நேரம் எதுவும் சாப்பிடாம இருக்க முடிஞ்சா அப்புறம் போடுங்க, முடியலன்னா அப்பவே போட்டுடுங்க. ஒருநாள் முழுசா மறந்துட்டா என்ன பண்றதுன்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. மருந்து ஏழு நாள் கணக்குல இருக்குறதால அடுத்த நாள் ரெண்டா போட சில டாக்டர்கள் சொல்வாங்க, ஆனா வயசானவங்க, இதய பிரச்சனை இருக்குறவங்க தானா இதை செய்யக் கூடாது.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல, எனக்கு ரொம்ப முக்கியமா படுது. நீங்க வருஷக்கணக்கா காபியோட போட்டு வந்து டோஸும் அதுக்கு ஏத்த மாதிரி ஏத்தி வச்சிருக்காங்கன்னு வைங்க. இதைப் படிச்சிட்டு நாளைக்கே கரெக்டா வெறும் வயித்துல போட ஆரம்பிச்சா, அதே டோஸ் இப்ப அதிகமாயிடலாம். ஹார்மோன் அதிகமானா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும், வயசானவங்களுக்கு இதயத்துடிப்பு சீரில்லாம போறதும் எலும்பு பலம் குறையுறதும் நடக்கும். அதனால நேரத்தை மாத்தினா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க, ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சு டி.எஸ்.ஹெச் பாருங்க. ஏன் அவ்வளவு நாள்னா, டேங்க் புது மட்டத்துக்கு வந்து நிக்க அஞ்சு வாரத்துக்கு மேல ஆகும், பத்து நாள்ல டெஸ்ட் எடுத்தா பாதி வழியில இருக்குற நம்பரை பாத்து ஏமாறுவோம்.

கூட போடுற மத்த மாத்திரைகள்

கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, இது ரெண்டும் இருக்குற மல்டிவிட்டமின், ஜெலுசில் டைஜீன் மாதிரி அசிடிட்டிக்கு குடிக்கிற மருந்து, இதுக்கெல்லாம் நாலு மணி நேரம் கேப் வேணும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இதுக்கு நாலா? ஆமா, ஏன்னா சாப்பாட்டுல இருக்குற கால்சியத்தை விட மாத்திரைல இருக்குறது ஒரே இடத்துல குவிஞ்சு வருது.

பான்டோபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரை வேற கதை. அதையும் வெறும் வயித்துலன்னு தான் எழுதுவாங்க, அதனால நிறைய வீட்ல ரெண்டும் ஒண்ணா உள்ள போகும். அது வயித்துல ஆசிட் சுரக்குறதையே நாள் முழுக்க குறைக்குது, மாத்திரை கரைய ஆசிட் வேணும்னு சொன்னேன்ல, அதனால கேப் விட்டாலும் முழுசா தீராது. மாசக்கணக்குல அது தேவைப்பட்டா டி.எஸ்.ஹெச் பாத்து டோஸை சரிபண்ணிக்குறது தான் வழி. மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கி வருஷக்கணக்கா போடுறவங்க இதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

கர்ப்பமா இருக்குறவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும். முதல் மூணு மாசம் குழந்தைக்கு தைராய்டு ஹார்மோன் அம்மாகிட்ட இருந்து தான் போகுது, மூளை வளர்ச்சிக்கு அது தேவை, அம்மாவோட தேவையும் 25, 30 சதவீதம் கூடும், அதனால டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்ததுமே டாக்டரை பாருங்க, முதல் ஸ்கேன் வரைக்கும் காத்திருக்காதீங்க. அப்புறம் நாலாவது மாசத்துல இருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கைநிறைய கொடுப்பாங்க. மூணும் முக்கியம், எதையும் விட முடியாது. காலைல ஆறு மணிக்கு தைராய்டு, பதினோரு மணி வாக்குல இரும்பு, மதியமும் ராத்திரியும் சாப்பாட்டோட கால்சியம்னு பிரிச்சு வச்சா ஒண்ணோட ஒண்ணு மோதாது. நர்ஸ் அக்காகிட்டயே கேட்டு நேரத்தை அட்டைல எழுதி வாங்கிக்கோங்க.

பிபி மாத்திரை, மெட்ஃபார்மின் இதெல்லாம் இந்த மருந்தை குடல்ல பிடிச்சு வைக்கிற வகை இல்ல, அதை அதோட நேரத்துக்கு போடுங்க. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தைராய்டுக்கு ஆகாதுன்னு வர்ற பயமுறுத்தல் எல்லாம் மாத்திரை போடுறவங்களுக்கு சமைச்சு அளவா சாப்பிட்டா தேவையில்லாதது.

பழக்கமா ஆக்குறதுக்கு

பாட்டிலை தலைமாட்டுல ஒரு தண்ணி பாட்டிலோட வைங்க, அலாரம் அடிச்சதும் கண்ணை திறந்து போட்டுட்டு, அப்புறம் பல் விளக்கி, வாசல் தெளிச்சு, குளிச்சு முடிச்சா ஒரு மணி நேரம் தானா ஓடிடும். அடுப்பு பக்கத்து ஷெல்ஃப்லயும் வெயில் படுற ஜன்னல்லயும் வைக்காதீங்க, சூடு, ஈரம், வெளிச்சம் மூணும் இந்த மருந்தோட வீரியத்தை குறைக்கும். ஒரு வாரத்துக்கு பிரிச்சு டப்பால வைக்கிறது பரவால்ல, மூணு மாசத்துக்கு மொத்தமா கொட்டி வைக்காதீங்க.

ரத்த டெஸ்ட் அன்னைக்கு மாத்திரையை கைல எடுத்துட்டு போங்க, ரத்தம் கொடுத்துட்டு போடுங்க, ஏன்னா போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்துல டி4 கொஞ்சம் தூக்கலா தெரியும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அதை நிறுத்தணும், அது மருந்தை ஒண்ணும் பண்ணாது, ஆனா லேப்ல பண்ற அளவீட்டையே குழப்பி டி.எஸ்.ஹெச்-ஐ பொய்யா கம்மியா காட்டும். அந்த நம்பரை நம்பி டோஸை குறைச்சிடுவாங்க. லேப்ல ரத்தம் எடுக்குறவங்க இதையெல்லாம் கேக்க மாட்டாங்க, நீங்க தான் சொல்லணும்.